சம்பு வேரின் துருநிறம்

கெரவலப்பிட்டியவில் என் நடை தொடங்கும் இடம் அழகான இடம் அல்ல. ஒரு பக்கம் மின்நிலையத்தின் புகைபோக்கிகள், மறுபக்கம் கொள்கலன்கள் அடுக்கிய முற்றங்கள், நடுவே லொறிகள் கிளப்பும் தூசி. கொழும்பின் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் இங்கேதான் இருக்கிறது. வத்தளை, ஹெந்தளைப் பக்கம் குடியிருக்கும் தமிழர்களில் பலருக்கு இது வேலைக்குப் போய்வரும் வழி. அதைத் தாண்டி நடந்து பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் பல வருடங்கள் தோன்றவில்லை.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது போகிறேன். காலை 6 மணிக்குக் கிளம்பி, ஹமில்டன் கால்வாய்க் கரையைப் பிடித்து வடக்கே உஸ்வெட்டகெய்யாவ வழியாகப் பமுணுகம வரை நடக்கலாம். இடப்பக்கம் வீடுகள், சந்திக்குச் சந்தி மாதா சுரூபங்கள், அவற்றுக்கு அப்பால் கடல். வலப்பக்கம் முத்துராஜவெல. களனி கங்கைக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையில் சுமார் 3,068 ஹெக்டெயர் பரப்பில் கிடக்கும் சதுப்பு அது. உருவாகி ஏறக்குறைய 7,000 ஆண்டுகள் ஆகின்றன. அதன் வடபகுதி 1996 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தென்பகுதியில் ஒரு பங்கு கடல் மணல் கொட்டி மேடாக்கப்பட்டது. புகைபோக்கிகள் நிற்பது அந்த மேட்டில்தான்.

தூசியைத் தாண்டி நடந்தால் முதலில் தெரிவது குளிர்ச்சி. மர நிழல் என்று நினைத்துவிட வேண்டாம், அந்த இடத்தில் பெரிய மரமே கிடையாது. காரணம் தண்ணீர் ஆவியாவது. ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிக்கும் வரை சூடாக்க எவ்வளவு சக்தி வேண்டுமோ, அதைப்போல 8 மடங்கு சக்தி அதே லீற்றர் ஆவியாக மாறுவதற்குத் தேவை. தார் வீதியில் விழும் வெயில் வீதியைச் சுட வைக்கிறது. சதுப்பில் விழும் வெயிலின் பெரும்பங்கு தண்ணீரையும் இலைகளின் ஈரத்தையும் ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. மிச்சமாகும் கொஞ்ச வெப்பம்தான் காற்றைச் சூடாக்குகிறது.

நான் எழுத நினைத்தது தண்ணீரைப் பற்றி. நடை தொடங்கும் இடத்தில் ஒரு வடிகான் வருகிறது. சாம்பல் நிறம், மேலே நுரை, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். குளியலறைத் தண்ணீர், மலசலகூடக் கசிவு, தொழிற்பட்டறைகளின் எண்ணெய் எல்லாம் கலந்து வருவது. அங்கிருந்து 3, 4 கிலோமீற்றர் தள்ளி, சதுப்புக்குள்ளிருந்து கால்வாயில் வந்து சேரும் ஒரு சின்ன ஓடையைப் பாருங்கள். பால் சேர்க்காத தேத்தண்ணி நிறத்தில் தெளிவாக இருக்கிறது. அந்த நிறம் அழுக்கு அல்ல. தேயிலையில் சாயம் இறங்குவதுபோல, ஊறிக் கிடக்கும் இலைதழையிலிருந்து இறங்கிய சாயம். இரண்டும் ஒரே தண்ணீர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் வகைத் தண்ணீர் சதுப்புக்குள் புகுந்தால் அதற்கு என்ன நடக்கும் என்பதை விளக்கமாகச் சொல்ல முடியும்.

முதலில் அதன் வேகம் குறைகிறது. ஆயிரக்கணக்கான கோரைத் தண்டுகளும் சம்புத் தண்டுகளும் ஆளுக்குக் கொஞ்சமாகத் தண்ணீரை மறிக்கின்றன. வேகம் விழுந்ததும், அது சுமந்துவந்த மண் அடியில் இறங்கத் தொடங்குகிறது. எவ்வளவு மெதுவாக என்றால், ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு பருமனுள்ள வண்டல் துகள் அசையாத நீரில் ஒரு அடி இறங்க ஏறக்குறைய ஒரு மணிநேரம் எடுக்கும். அதிலும் பத்தில் ஒரு பங்கு பருமனான களித் துகளுக்கு அதே ஒரு அடி இறங்க 100 மணிநேரம், அதாவது நான்கு நாள் வேண்டும். பருமன் பத்து மடங்கு குறைந்தால் இறங்கும் வேகம் நூறு மடங்கு குறையும். ஈயம் போன்ற உலோகங்களும் பொசுபரசும் பெரும்பாலும் இந்த நுண்ணிய களியில்தான் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்த நான்கு நாளை எந்தக் கொங்கிறீட் கானும் தண்ணீருக்குக் கொடுப்பதில்லை. மழை விட்டதும் எல்லாவற்றையும் கடலில் கொண்டுபோய்க் கொட்டிவிடும்.

கரைந்திருக்கும் அழுக்கோ எத்தனை நாள் விட்டாலும் தானாக அடியில் இறங்காது. மனிதக் கழிவிலிருந்து வரும் அமோனியா அப்படிப்பட்டது. இதைச் சதுப்பு எப்படிக் கையாளுகிறது என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்துதான் நான் இந்த இடத்தைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

சம்பு என்பது வாள் போல நீண்ட இலையும், நடுவில் சொசேஜ் மாதிரி ஒரு பழுப்புக் கதிரும் உள்ள நீர்ச்செடி. கால்வாய் ஓரத்திலேயே நிற்கும். அதில் ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். அது வளர்ந்த சேறு கறுப்பு. ஒட்சிசன் அறவே இல்லாத சேறு. வேரின் மேலேயோ மெல்லியதாகத் துரு நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். பார்வைக்கு மட்டுமல்ல, உண்மையிலேயே துருதான். சேற்றிலுள்ள இரும்பு துருப்பிடிக்க ஒட்சிசன் வேண்டும். சேற்றில் இல்லாத ஒட்சிசன் வேரைச் சுற்றி மட்டும் எங்கிருந்து வந்தது?

செடியே கொண்டுவருகிறது. சம்பு இலையைக் குறுக்கே வெட்டினால் தேன்கூடு போலக் காற்று அறைகள் தெரியும். அவை இலையிலிருந்து சேற்றுக்குள் கிடக்கும் கிழங்கு வரை தொடர்ந்து போகின்றன. இளம் இலைகளுக்குள் வெயிலாலும் ஈரத்தாலும் அழுத்தம் கொஞ்சம் கூடுகிறது. அந்த அழுத்தம் காற்றைக் கீழே தள்ளுகிறது. கிழங்கைச் சுற்றிவிட்டு அந்தக் காற்று பழைய, உடைந்த இலைகள் வழியாக வெளியே போகிறது. எந்தப் பம்பும் இல்லாமல் பகல் முழுக்க இது நடக்கிறது. வேர் மூச்சுவிடத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் நுனிப்பக்க வேர்களில் கொஞ்சம் ஒட்சிசன் வெளியே கசிகிறது. அந்தக் கசிவில்தான் நமக்கு வேண்டிய வேலை நடக்கிறது.

அமோனியாவை ஒழிக்க இரண்டு வகைப் பற்றீரியாக்கள் வேண்டும். ஒரு வகை அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும். அதற்கு ஒட்சிசன் கட்டாயம் தேவை. அடுத்த வகை நைத்திரேற்றிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்கிக்கொண்டு, மிச்சத்தை நைதரசன் வாயுவாக விட்டுவிடும். இந்த வேலை ஒட்சிசன் இல்லாத இடத்தில்தான் நடக்கும். ஒருவருக்கு உயிரானது மற்றவரின் வேலையை நிறுத்திவிடும். நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பலவற்றில் இதற்காக வெவ்வேறு தொட்டி கட்டி, ஒன்றில் மட்டும் மின்சாரம் செலவழித்துக் காற்றை ஊதுகிறார்கள். சம்பு வேரில் இந்த இரண்டு தொட்டிகளுக்கும் இடையே உள்ள தூரம் சில மில்லிமீற்றர் மட்டுமே. வேரை ஒட்டிய துரு வளையத்தில் முதல் வேலை, அதைத் தாண்டிய கறுப்புச் சேற்றில் இரண்டாவது வேலை. கடைசியில் வெளியேறுவது நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதமாக இருக்கும் அதே நைதரசன். அழுக்கு வேறோர் இடத்துக்கு மாற்றப்படவில்லை, அழுக்காக இருப்பதையே விட்டுவிட்டது. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வருகிறது.

அந்தத் துருவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சவர்க்காரத் தூளிலிருந்தும் பசளையிலிருந்தும் வரும் பொசுபேற்று அதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இங்கே நிரந்தரம் கிடையாது. செடி செத்து ஒட்சிசன் நின்றால் துரு கரையும், பிடித்துவைத்த பொசுபேற்றும் திரும்பத் தண்ணீருக்குள் வந்துவிடும். ஆகாயத்தாமரை மேலே கம்பளம் விரித்தாற்போல் மூடிய வாய்க்கால்களில் மீன் சாவதும் இதையொட்டிய கதைதான். மூடிய கம்பளத்துக்குக் கீழே வெளிச்சமும் இல்லை, காற்றும் போதாது.

உலோகங்களின் கதை வேறு. சதுப்புச் சேற்றில் அழுகிய முட்டை வாடை அடிக்கும், நடப்பவர்களுக்குத் தெரியும். கடல்நீரோடு வந்த சல்பேற்றைச் சில பற்றீரியாக்கள் சல்பைட்டாக மாற்றுவதால் வரும் வாடை அது. கரைந்த நாகம், செம்பு, ஈயம் ஆகியவை அந்தச் சல்பைட்டோடு சேர்ந்து, நீரில் கரையாத தூளாகிச் சேற்றில் தங்கிவிடும். சேறு கறுப்பாக இருப்பதற்கும் இரும்புச் சல்பைட்டு ஒரு காரணம். ஆக, மூக்கைச் சுளிக்க வைக்கும் அந்த வாடை உலோகங்கள் பூட்டப்படுவதன் அடையாளம். நைதரசன் போல இவை பறந்து போவதில்லை, பத்திரமாக அடைபட்டுக் கிடக்கின்றன. சேறு ஈரமாக, ஒட்சிசன் இல்லாமல் இருக்கும் வரைதான் அந்தப் பூட்டு.

சேற்றைத் தோண்டிக் காயவிட்டால் என்ன ஆகும்? காற்று பட்டதும் சல்பைட்டு சல்பூரிக்கமிலமாக மாறுகிறது. அமிலம் உலோகங்களைக் கரைத்து அடுத்த மழைத் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. சதுப்பின் அடியில் இருக்கும் முற்றாநிலக்கரிக்கும் இதே நிலைமை. தண்ணீருக்குள் ஒட்சிசன் பரவுவது காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாக நடப்பதால், விழுந்த இலையும் வேரும் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டானது அது. வடிய விட்டால், இத்தனை காலம் காத்திருந்த மக்கல் வேகமாக நடந்து காபனீரொட்சைட்டாகப் போய்விடும். நிலமும் தாழும். மேலே மணலைக் கொட்டினாலும் தாழும், ஈரப் பஞ்சை மிதித்தாற்போல. 2013 இல் திறந்த கட்டுநாயக்க அதிவேக வீதியும் இப்படிப்பட்ட மண்ணின் மேல்தான் போகிறது. இந்த மண்ணை முன்கூட்டியே பாரம் ஏற்றி அமுக்கி, அதிலுள்ள தண்ணீரைப் பிழிந்தெடுக்காமல் வீதி போட முடியாது. சாதாரண வீடு கட்டுகிறவரிடம் அதற்குக் காலமும் இல்லை, காசும் இல்லை. சுவர் வெடித்த வீடுகளை இந்த நடையில் நிறையப் பார்க்கலாம்.

நான் நடக்கும் கால்வாயே ஒரு பழைய பாடம். முத்துராஜவெல ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல் என்பார்கள், பெயரிலுள்ள ‘வெல’ சிங்களத்தில் வயலைக் குறிக்கும். உவர் ஏறிக் கெட்ட நிலத்திலிருந்து உப்புத் தண்ணீரை வடிக்க ஆங்கிலேயர் 1802 இல் தொடங்கி 1804 இல் முடித்தது ஹமில்டன் கால்வாய். ஆனால் கால்வாய்க்கு ஒருவழிப் பாதை தெரியாது. கடல்நீர் பாரமானது, நன்னீருக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து, வற்றுப் பெருக்கோடு உள்ளே ஏறும். வயல் திரும்பி வரவில்லை. களப்புப் பக்கம் கண்டல் மரங்கள் நிற்பது அந்த உப்பினால்தான்.

கடைசியாக வெள்ளம். முத்துராஜவெல அதிகபட்சமாகச் சுமார் 1 கோடியே 10 இலட்சம் கனமீற்றர் வெள்ளநீரைத் தாங்கும் என்றும், அதை வினாடிக்கு 12.5 கனமீற்றருக்கு மேல் வெளியே விடாது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். கடதாசியும் பேனையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு தண்ணீரையும் சதுப்பு முழுக்கப் பரப்பினால் ஆழம் 36 சென்ரிமீற்றர், முழங்காலுக்குக் கீழே. வினாடிக்கு 12.5 வீதம் வடிந்து முடிய 10 நாளுக்குச் சற்று மேல். களித் துகள் ஒரு அடி இறங்க நான்கு நாள் கேட்டது நினைவிருக்கிறதா? இங்கே அதற்கு பத்து நாள் கிடைக்கிறது. வெள்ளத்தைத் தாங்குவதும் தண்ணீரைத் தெளிய வைப்பதும் ஒரே வேலைதான், மெதுவாக விடுவது. ஒரு ஹெக்டெயரை நிரப்பினால் 3,600 கனமீற்றருக்கு இடம் போகிறது. 9,000 லீற்றர் பவுசரில் 400 பவுசர் தண்ணீர். அது வேறு யாருடைய முற்றத்திலாவது நிற்க வேண்டும்.

பமுணுகமவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வயதானவர் கால்வாயில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். அண்மையில் ஒருநாள் அவரிடம், பெரிய மழை பெய்தால் இங்கே தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டேன்.

“முந்தியெல்லாம் பத்துப் பன்னிரண்டு நாள் நிக்கும் தம்பி. ஏறுறதும் மெதுவா, இறங்குறதும் மெதுவா. பயமே இருக்காது,” என்றார். கரையோரத் தென்னையில் முழ உயரத்தில் இருந்த ஒரு வெட்டைக் காட்டினார். 2016 மே மாதம், களனி பெருகியபோது அவர் போட்ட அடையாளம். “இது வரைக்கும் வர ஒரு ராத்திரிதான் எடுத்தது. அதுக்கு முந்தின வெள்ளத்துக்கு ரெண்டு நாள் எடுத்தது.”

அவர் சொன்ன இரண்டு நாளுக்கும் ஒரு இரவுக்கும் நடுவில் எத்தனை ஹெக்டெயர் மேடானது என்று எண்ணிக்கொண்டே திரும்பி நடந்தேன். வடிகான் வாயில் வந்து நின்றபோது வெயில் ஏறியிருந்தது. அங்கே, நுரைக்கு நடுவில், ஒரு கைப்பிடிச் சம்பு புதிதாக முளைத்திருந்தது.