பகா எண்: சொல்லும் பொருளும்

2147483647. நம் முறையில் வாசித்தால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இதை 1 ஆலும் இதே எண்ணாலும் மட்டும்தான் மீதியில்லாமல் வகுக்க முடியும், வேறு எந்த முழு எண்ணுக்கும் மசியாது. இப்படிப்பட்ட எண்ணைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பகா எண் என்கின்றன, இலங்கையில் முதன்மை எண் என்பார்கள்.

இலங்கை வழக்கு மூலத்துக்கு நெருக்கமானது. கிரேக்கர்கள் இதை 'புரோட்டோஸ்', அதாவது முதலாவது என்றார்கள், லத்தீனில் அது 'பிரைமஸ்' ஆகி, அதிலிருந்து 'பிரைம்' வந்தது. மற்ற எண்களெல்லாம் இவற்றைப் பெருக்கியே வருவதால் முதன்மை என்பதும் பொருத்தம்தான். ஆனாலும் எனக்குப் பகா எண்தான் பிடிக்கும், ஏனென்றால் எண்ணின் குணத்தை அது நேராகச் சொல்லிவிடுகிறது. பகு என்றால் பிரி, பகாத என்பதன் ஈறு கெட்டுப் பகா ஆகிறது. நன்னூல் பதங்களைப் பகுபதம், பகாப்பதம் என்று பிரிப்பதைப் படித்தவர்களுக்குப் பகு எண், பகா எண் என்ற ஜோடி உடனே பிடிபட்டுவிடும்.

சொல்லை மட்டும் நம்பினால் ஓர் இடத்தில் தடுக்கும். 1 கூடத்தான் பகுபடாது, ஆனால் அது பகா எண் இல்லை, பகு எண்ணும் இல்லை. சரியாக இரண்டு வகுத்திகள் இருக்க வேண்டும் என்பதுதான் வரையறை, 1-க்கு இருப்பதோ ஒன்றே ஒன்று.

சரி, இவ்வளவு பெரிய எண் பகாது என்று எப்படித் தெரியும்? இலக்கங்களைக் கூட்டினால் 46, அதனால் 3 வகுக்காது. அப்படியே ஒவ்வொன்றாகப் போனால் அதன் வர்க்கமூலமான 46340 சொச்சம் வரைக்கும் உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். கணித மேதை ஆய்லர் அந்த வேலையைப் பெருமளவு குறைத்தார். இது 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் என்பதால், இதை வகுக்கும் பகா எண் எதுவாக இருந்தாலும் அதை 248 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வர முடியும், மற்றதையெல்லாம் தொடவே வேண்டாம். இது பகா எண்தான் என்று 1772-இல் பெர்னூலி என்ற கணித அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் அவர் தெரிவித்தார்.

2-இன் அடுக்கில் ஒன்று குறைந்து வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர், நம்முடையது அந்த வரிசையில் எட்டாவது. 1644-இல் இவற்றுக்குப் பட்டியல் போட்ட பிரெஞ்சுத் துறவி மரென் மெர்சென் 31 என்ற அடுக்கைச் சரியாகவே சேர்த்திருந்தார், ஆனால் 67, 257 என்ற அடுக்குகளையும் தவறாகச் சேர்த்துவிட்டார்.

பகா என்ற சொல்லிலிருந்து பகாக் காரணி, சார்பகா எண்கள், இரட்டைப் பகா எண்கள் என்று ஒரு குடும்பமே வந்திருக்கிறது. 3, 5 போல இரண்டு வித்தியாசத்தில் வரும் ஜோடிதான் இரட்டைப் பகா எண்கள். 2147483647-க்கு அப்படி ஜோடி கிடையாது: முன்னால் உள்ள 2147483645 ஐந்தில் முடிகிறது, பின்னால் உள்ள 2147483649-இன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 48, அது மூன்றால் வகுபடும்.