தேர் நிலைக்கு வரும்வரை ஊர்வலம் முடியவில்லை

டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ ஒரு பிரைட் ஊர்வலம் (தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநர்களும் உரிமைக்காக நடத்தும் ஊர்வலம்) நடத்தினால் என்ன என்று யாராவது பேச்செடுத்தால், "அடி வாங்கிக்கொண்டு வரவா?" என்று பக்கத்திலிருந்தே பதில் வரும். டர்பன் நகர மையத்தில் நடப்பது வேறு. அங்கே கூட்டம் பெரிது, நம்மைத் தெரிந்தவர்கள் குறைவு. சொந்தப் பேட்டையில் என்றால் பெரிமா வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் சட்டம் நம் பக்கம். பாலின ஈர்ப்பைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவு. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது 17-ஆம் பிரிவு. 2006 முதல் தன்பாலினத் திருமணமும் செல்லும். ஆக, இங்கே பகை அரசிடம் இல்லை. தெருமுனையிலும் டாக்சி ஸ்டாண்டிலும் சில வீடுகளுக்குள்ளும் இருக்கிறது. போலீஸ் கூடவே வரும் அந்த இரண்டு மணி நேரம் பெரும்பாலும் நல்லபடியாகவே போகும். கொடியைச் சுருட்டிய பிறகு ஒவ்வொருவராகப் பிரிந்து போகும்போதுதான் வினை. தேரை இழுப்பதைவிட நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துவது கஷ்டம் என்பது காவடி பார்த்த நமக்குப் புதிதல்ல.

கலைந்தவர்கள் எப்படித் திரும்புவார்கள் என்று சட்டமே கேட்கிறது என்பதுதான் வேடிக்கை. 1993-ஆம் ஆண்டின் கூட்டங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 15 பேருக்கு மேல் பொது இடத்தில் கூடி ஒரு கருத்தை முன்வைப்பதென்றால் 7 நாள் முன்னதாக முனிசிபாலிட்டியின் பொறுப்பு அதிகாரிக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அனுமதி வாங்குவது என்று பலர் நினைத்து, பயந்தே விட்டுவிடுகிறார்கள். இது தகவல் கொடுப்பது, அவ்வளவுதான். அறிவிப்புக் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடவில்லை என்றால், எழுதிக் கொடுத்தபடியே நடத்தலாம். 48 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது கொடுத்தால் அந்தக் காரணத்துக்காகவே தடை போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. தடை போட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மாஜிஸ்திரேட்டிடம் போய் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

அறிவிப்பில் அமைப்பாளர் பெயர், நோக்கம், நேரம், எதிர்பார்க்கும் ஆட்கள், மார்ஷல்கள் (கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் நம் தொண்டர்கள்) யார், அவர்களை எப்படி அடையாளம் காண்பது, எந்தெந்தத் தெரு வழியாகப் போகிறது எல்லாம் எழுத வேண்டும். கூடவே இன்னொன்று: கலையும் இடத்திலிருந்து மக்கள் எப்படித் திரும்புவார்கள்? இந்த இடத்தில்தான் ஏறக்குறைய எல்லாரும் "சொந்த ஏற்பாடு" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு சொல்லுக்கு என்ன அர்த்தம்? முகத்தில் வானவில் சாயத்தோடு ஒரு பத்தொன்பது வயதுப் பையன் டர்பனின் நெரிசலான வார்விக் சந்திப்பில் மினிபஸ் டாக்சிக்கு வரிசையில் நிற்கிறான் என்று அர்த்தம்.

அதனால் கலையும் இடத்தில் ஒரு மேசை போட வேண்டும். அதன்மேல் தேங்காய் எண்ணெய், பஞ்சு, சோப்பு, ஈரத் துடைப்பான், கண்ணாடி. மினுக்குப்பொடி தண்ணீருக்குப் போகாது. தண்ணீர் விட்டால் கழுத்து வரைக்கும் பரவும். முதலில் எண்ணெய் தேய்த்துப் பஞ்சால் வழித்தெடுத்து, பிறகு சோப்பு. நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரியாது. ஒருவருக்கு ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் அம்மா கண்ணில் முதலில் படுவது அந்தக் காதோரம்தான். மாற்றிக்கொள்ளச் சாதாரண டி-ஷர்ட்டை அவரவர் பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். வேனோ பஸ்ஸோ வைத்தால் வீட்டு வாசலில் இறக்காமல் மாலிலோ ஆஸ்பத்திரிப் பக்கமோ இறக்கிவிடுவது நல்லது. அங்கே யார் இறங்கினாலும் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

முகமூடி போட்டுக்கொண்டு வரலாமா என்ற கேள்விக்குப் பதில்: கூடாது. ஆளை அடையாளம் தெரியாதபடி முகத்தை மறைப்பதை அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு தடுக்கிறது. 1990 அக்டோபர் 13-ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க்கில் சைமன் என்கோலி, பெவர்லி டிட்சி போன்ற செயற்பாட்டாளர்கள் முன்னின்று ஆப்பிரிக்காவின் முதல் பிரைட் ஊர்வலத்தை நடத்தியபோது, சிலர் தலையில் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொண்டுதான் நடந்தார்கள். அப்போது இந்தச் சட்டம் இல்லை. இன்று வீட்டில் தெரியாதவர்களுக்கு இதை முன்கூட்டியே, நேருக்கு நேர் சொல்லிவிட வேண்டும்: நடந்தால் முகம் தெரியும், படம் வரும். பத்திரிகைக்காரரைக்கூடக் கேட்டுக்கொள்ளலாம், பால்கனியில் போனோடு நிற்கும் அண்டை வீட்டுக்காரரை யார் தடுப்பது? நடக்க முடியாதவர்கள் மேசையையோ பின்னணி வேலையையோ பார்த்துக்கொள்ளலாம். அது இரண்டாந்தரப் பங்கு இல்லை.

மார்ஷல் விஷயத்தில் எங்கள் கணக்கு: சாதாரண இடமென்றால் 25 பேருக்கு ஒருவர், பகை தெரிகிற இடமென்றால் 10 பேருக்கு ஒருவர். எதிர்ப்புக் கூட்டம் நின்றால் மார்ஷல் அவர்களைப் பார்த்து நிற்கக் கூடாது. அவர்களுக்கு முதுகைக் காட்டி, நம் ஆட்களைப் பார்த்து நிற்க வேண்டும். முகத்துக்கு முகம் பார்த்தால் வாய்ச்சண்டை வரும், அதை எத்தனையோ போன்கள் படம் பிடிக்கும். கலவரத்தில் சேதம் வந்தால் அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவின்கீழ் அமைப்பாளர்களே நஷ்ட ஈடு கட்ட நேரலாம். நியாயமான முன்னேற்பாடு எல்லாம் செய்தோம் என்று காட்டுவதற்கு மார்ஷல் பட்டியலும் பயிற்சி நடந்த தேதியும் கையில் இருக்க வேண்டும். தொடர்புக்கு வாட்ஸ்அப் குழு வேண்டவே வேண்டாம். குழுவில் சேர்ந்த யாரும் எல்லாருடைய நம்பரையும் எடுத்துவிடலாம்.

சரி, எப்போது நடத்தக் கூடாது? மிரட்டல் வந்ததாலேயே நிறுத்த வேண்டியதில்லை. 2022-இல் ஜோஹன்னஸ்பர்க்கின் சாண்டன் பகுதியில் அக்டோபர் 29 அன்று தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது; அதே நாளில் ஜோஹன்னஸ்பர்க் பிரைட் பலத்த பாதுகாப்போடு நடந்தது. அங்கே காவலுக்கு ஆள் இருந்தது. 2018 ஜூனில் போர்ட் லூயிஸில் எதிர்ப்பாளர்கள் திரண்டு நின்றதால் மொரிசியஸ் அமைப்பாளர்கள் ஊர்வலத்தைக் கைவிட்டார்கள். கோழைத்தனம் என்று சொல்ல முடியுமா? அங்கே தன்பாலின உறவைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 250-ஆம் பிரிவை 2023 அக்டோபர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தெருவில் நடக்காதது கோர்ட்டில் நடந்தது.

மண்டபத்துக்குள் வைத்தால் பத்திரம் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். 2016 ஆகஸ்டில் உகாண்டாவின் கம்பாலாவில் ஒரு கிளப்புக்குள் நடந்த பிரைட் நிகழ்ச்சியில் போலீஸ் புகுந்தபோது, தப்பிக்க ஒருவர் மேல்மாடியிலிருந்து குதித்துக் காயப்பட்டார். தரைத்தளம், இரண்டு வெளிவழி, இரண்டும் பூட்டாமல். இது இல்லையென்றால் அந்த மண்டபம் வேண்டாம்.

எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: அந்தத் தெருவில் குடியிருக்கும் நம் ஆட்களே கேட்கிறார்களா? வெளியிலிருந்து வந்து நடந்துவிட்டுப் போகிறவர்களின் ஆசைக்காக நடத்தினால், மறுநாள் விலை கொடுப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் தயங்கினால் 15 பேருக்குள் ஒரு பதாகையோடு அரை மணி நேரம் நிற்கலாம். அதற்கு அறிவிப்பே தேவையில்லை.

நடந்தால், ஆட்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து அனுப்புங்கள். வீடு சேர்ந்ததும் அமைப்பாளருக்கு "சாப்பிட்டாச்சு" என்று ஒரே செய்தி. யார் எட்டிப் பார்த்தாலும் சந்தேகம் வராது. சொன்ன நேரத்திலிருந்து 45 நிமிடம் கடந்தும் வரவில்லை என்றால் முதலில் ஜோடியைக் கூப்பிடுங்கள், பிறகு அவர் முன்பே எழுதிக்கொடுத்த நம்பரை, அதன்பிறகு போலீஸ் அவசர எண் 10111. வீட்டு லேண்ட்லைனுக்கு மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள்.