சூத்திரம் அப்புறம், கருகிய மோட்டார் காயில் முதலில்

"சார், நேத்து ராத்திரி எங்க தெருவுல நாலு வீட்டு டிவி போயிருச்சு. ஹை வோல்டேஜ் வந்துருச்சாம்."

காலை வகுப்புக்குள் நுழையும்போதே ஒரு மாணவன் சொன்னது இது. அன்று நான் எடுக்க வேண்டியிருந்தது வேறு பாடம். தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் போன மாதமே முடிந்துவிட்டன. நோட்டில் எழுதி, சிவப்பு மையில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. ஆனாலும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவனிடம் கேட்டேன்: "நாலு வீட்டுல போச்சு சரி, மத்த வீட்டுல என்னப்பா ஆச்சு?"

"பக்கத்து வீட்டுல லைட்டு மங்கலா எரிஞ்சுதாம் சார். எங்க வீட்டுல ஒண்ணும் ஆகல."

ஒரே தெரு, ஒரே கம்பம். ஒரு வீட்டில் டிவி கருகுகிறது, அடுத்த வீட்டில் விளக்கு மங்குகிறது. ஹை வோல்டேஜ் வந்தது என்றால் பக்கத்து வீட்டுக்கு மட்டும் ஏன் குறைந்தது? கடைசி பெஞ்சில் இருந்தவன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நான் பதினெட்டு வருடமாக அரசு ஐடிஐ ஒன்றில் எலக்ட்ரீசியன் பிரிவுக்குப் பயிற்றுநர். இரண்டு வருடப் படிப்பு, பத்தாம் வகுப்பு முடித்து வருகிறார்கள். பாதிப்பேர் 'உனக்குக் கணக்கு வராது' என்று சொல்லிச் சொல்லியே அனுப்பப்பட்டவர்கள். கரும்பலகையில் வி, ஐ, ஆர் (வோல்டேஜ், மின்னோட்டம், தடை) என்று எழுதியதுமே முகம் மூடிக்கொள்ளும். அவர்களுக்குக் கணக்கு வராமல் இல்லை. அந்தக் கணக்கு எந்தக் கேள்விக்குப் பதில் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. பதிலை முதலில் கொடுத்துவிட்டுக் கேள்வியைப் பரீட்சைக்கு வைத்துக்கொள்வது நம் வாத்தியார்களின் பழக்கம், நானும் முதல் ஏழெட்டு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

சரி, டிவி கதைக்கு வருகிறேன். ஸ்டோரில் இருந்து இரண்டு குண்டு பல்பு எடுத்துவரச் சொன்னேன். ஒன்று 200 வாட். மற்றது கடைகளில் 'ஜீரோ வாட்' என்று கேட்டு வாங்குவோமே, அது. பெயர்தான் ஜீரோ, இழுப்பது 15 வாட் வரை. (குண்டு பல்பு இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்ட இன்னும் வாங்குகிறார்கள் என்பதால் எனக்குப் பெரிய பல்பு கிடைக்கிறது. எல்ஈடியில் இந்தச் சோதனை நடக்காது.) எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்ற இரண்டு பாதுகாப்பு சுவிட்சுகளும் உள்ள பலகையில் பல்புகளைத் தொடராக மாட்டி, சுவிட்ச் போடும் முன் கேட்டேன்: எது பிரகாசமாக எரியும்?

இருபது பேரில் பதினாறு பேர் 200 என்றார்கள். இரண்டு பேர் சமமாக எரியும் என்றார்கள். மீதி இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துப் பதிலைக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். சுவிட்ச் போட்டதும் சின்ன பல்பு பளிச்சென்று எரிந்தது. 200 வாட் பல்பில் எதுவுமே இல்லை. ஃபியூஸ் போயிருக்கும் என்று ஒருவன் அதைக் கழற்றிப் பார்க்கக் கையை நீட்டினான். முதலில் சுவிட்சை ஆஃப் பண்ணுடா என்று அதட்டினேன். அதுவும் பாடம்தான்.

அப்புறம்தான் கரும்பலகைக்குப் போனேன். சின்ன பல்புக்குத் தடை அதிகம், தொடர் இணைப்பில் தடை அதிகம் உள்ளதுதான் வோல்டேஜில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். தெருவிலும் அதே கதைதான். மூன்று பேஸ் (மின்சாரம் கொண்டுவரும் கம்பி) லைனில் இருந்து ஆளுக்கொரு பேஸ் என்று வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம், நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் கம்பி) எல்லோருக்கும் பொது. அந்தப் பொது நியூட்ரல் கம்பத்தில் அறுந்தால், வெவ்வேறு பேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக நின்றுவிடுகின்றன. ஒரு வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் தடை சுமார் 53 ஓம். இன்னொரு வீட்டில் 100 வாட்டில் ஏதோ ஒன்று, சுமார் 529 ஓம். 400 வோல்ட்டை இருவரும் எப்படிப் பங்குபோடுவார்கள்? நான் கேட்டு முடிப்பதற்குள் மூன்று பேர் நோட்டைத் திறந்திருந்தார்கள். இஸ்திரிப் பெட்டிக்கு ஏறத்தாழ 36 வோல்ட், மற்ற வீட்டுக்கு 364. குறைவாக மின்சாரம் எடுத்தவன் வீட்டு டிவிதான் போனது.

"அப்ப எங்க வீட்டுல ஏன் ஒண்ணும் ஆகல சார்?" என்றான் கதையைக் கொண்டுவந்தவன். இதற்கு நான் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் தெருவுக்குப் போய், எந்தக் கம்பத்தில் அறுந்தது, உங்கள் சர்வீஸ் வயர் எந்தக் கம்பத்தில் இருந்து வருகிறது என்று கீழே நின்றே பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். மறுநாள் படம் வரைந்துகொண்டு வந்தான். அறுந்த இடத்துக்கு டிரான்ஸ்பார்மர் பக்கம் இருக்கும் கம்பத்தில் அவன் வீட்டு இணைப்பு. அந்த வருடம் அவன் யாரும் சொல்லாமல் வரைந்த முதல் சர்க்யூட் படம் அதுதான்.

இதில் நான் புரிந்துகொண்ட ஒன்று உண்டு. நிஜ உதாரணம் சொல்லிப் பாடம் நடத்துங்கள் என்று எல்லாப் பயிற்சி முகாமிலும் சொல்கிறார்கள். ஆனால் பாடத்தை நடத்தி முடித்துவிட்டு, 'எடுத்துக்காட்டாக, நம் வீட்டு மின்விசிறி' என்று வாலில் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை. பழுது முதலில் வர வேண்டும். அவர்கள் தப்பாக ஊகிக்க நேரம் கொடுக்க வேண்டும். சூத்திரம் அதற்கு அப்புறம் வந்தால், தானாகப் போய் உட்காரும்.

உதாரணம் வாத்தியாரிடம் இருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. மோட்டார் பாடம் எடுக்கும்போது விவசாயக் குடும்பத்துப் பையன் ஒருவன், இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டென்சர் போட்டு மூன்று பேஸ் மோட்டாரை அவன் அப்பா ஓட்டும் கதையைச் சொன்னான். எந்த சுவிட்சை எத்தனை விநாடி அழுத்த வேண்டும், சத்தம் எப்படி மாறும் என்பதெல்லாம் அத்துப்படி. அவனையே முன்னால் நிற்கவைத்துப் பாடம் எடுக்கச் சொன்னேன். ஒரு பெண் கேட்டாள்: "அப்ப வருஷத்துக்கு எத்தனை தடவை காயில் கட்டுவீங்க?" பையன் அசடு வழிந்தான். அங்கிருந்து, மூன்றில் ஒரு பேஸ் இல்லாமல் ஓடி மோட்டார் கருகும் 'சிங்கிள் பேசிங்' பாடத்துக்கு ஒரே எட்டுதான்.

அந்தப் பாடத்துக்கு நான், மோட்டாருக்குக் காயில் கட்டும் ரீவைண்டிங் கடையில் இருந்து கருகிய ஸ்டேட்டர்களை (மோட்டாரில் சுற்றாமல் நிற்கும், சுருள்கள் உள்ள பகுதி) கடன் வாங்கி வருவேன். மூன்று பேஸ் சுருள்களை இணைக்க ஸ்டார், டெல்டா என்று இரண்டு முறை உண்டு. ஸ்டார் இணைப்பில் ஓடிய மோட்டார் ஒரு பேஸை இழந்தால், இரண்டு பேஸின் சுருள்கள் கருகி, மூன்றாவது புதுசு போல இருக்கும். டெல்டாவாக இருந்தால் பெரும்பாலும் ஒரு பேஸின் சுருள் மட்டும் கரிந்திருக்கும். எல்லாமே ஒன்றுபோலக் கருகியிருந்தால் காரணம் வேறு, ஓவர்லோடு பக்கம் தேட வேண்டும். நான்கு ஸ்டேட்டரை மேஜையில் வைத்துவிட்டு, 'இது எப்படிச் செத்தது என்று எழுதிக்கொடு' என்பேன். போலீஸ் கதை கேட்பது மாதிரி மொய்ப்பார்கள். வருடக் கடைசித் தியரி பரீட்சை இப்போது கம்ப்யூட்டரில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில் நடக்கிறது. கேள்வித்தொகுப்பை உருப்போட்டே தேறிவிடலாம். கருகிய காயிலை அப்படிப் படிக்க முடியாது.

எல்லா முயற்சியும் பலித்ததாகச் சொன்னால் பொய். புரொஜெக்டர் வந்த புதிதில் நாற்பது நிமிட வீடியோ போட்டேன். லைட்டை அணைத்ததும் வகுப்பே நிம்மதியாகத் தூங்கியது. இப்போது மூன்று நிமிடத் துண்டு மட்டும், சத்தத்தை நிறுத்திவிட்டுப் போடுகிறேன். நடுவில் நிறுத்தி, 'அடுத்து இவர் எந்த டெர்மினலைத் தொடுவார், ஏன்?' என்று கேட்பேன்.

இன்னொரு தவறு கொஞ்சம் உறுத்துவது. மின் கட்டணக் கணக்குக்காக, 'நாளைக்கு எல்லோரும் வீட்டு மீட்டரைப் படித்து யூனிட் எழுதி வாருங்கள்' என்றேன். நல்ல பயிற்சிதான். 75 வாட் மின்விசிறி தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட், வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி விசிறி மாட்டினால் அந்த 45 எத்தனையாகக் குறையும் என்று கணக்கு அழகாகப் போகும். ஆனால் ஒரு பையன் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. அவன் வீடு ஒரு விளக்கு எரியும் குடிசை. மீட்டரே கிடையாது. அதை இருபது பேர் முன்னால் சொல்ல வேண்டி வருமே என்று வரவில்லை. அதிலிருந்து எங்கள் பணிமனை மீட்டரைத்தான் முறைபோட்டுப் படிக்கிறோம். வீட்டு விவரத்தைத் தானாக யாராவது கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வேன், கேட்பதில்லை.

வாடிக்கையாளரிடம் பேசுவது பாடத்திட்டத்தில் ஒரு ஓரமாக இருக்கிறது. எனக்கு அது பாதித் தொழில். வகுப்பிலேயே நடித்துப் பழகுகிறோம்: ஒருவர் வீட்டுக்காரம்மா, இன்னொருவர் எலக்ட்ரீசியன். "தம்பி, ஃபேன் மெதுவா சுத்துது." டெஸ்டரைத் தொடும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்பது விதி. எப்போதிலிருந்து? எல்லா ஸ்பீடிலுமா? கையால் தள்ளிவிட்டால்தான் ஓடுகிறதா? மூன்றும் சரியாகக் கேட்டவன் ஏணி ஏறும் முன்பே பையில் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரை எடுத்து வைத்துக்கொள்வான். பெரும்பாலும் கோளாறு அதில்தான்.

இப்படியே போனால் சிலபஸ் எப்படி முடியும் என்று சக பயிற்றுநர்கள் கேட்பது நியாயம்தான். நான் வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இதற்கு ஒதுக்குவதில்லை. டிசி ஜெனரேட்டரில் சுருள் சுற்றும் ஒரு முறையான லேப் வைண்டிங்கை இன்றும் சாக்பீஸால் வரைந்து, மனப்பாடம் செய்யச் சொல்லித்தான் நடத்துகிறேன். அதற்கு எந்தத் தெருவிலும் எனக்கு உதாரணம் கிடைக்கவில்லை. இழுத்துப் பிடித்து ஒன்றை உருவாக்கினால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

புதிதாகச் சேர்ந்த பயிற்றுநர்கள் முதலில் பக்கத்து ரீவைண்டிங் கடைக்காரருடன் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். கருகிய ஸ்டேட்டர் என்றால் குப்பை என்று நினைக்காதீர்கள், அதில் இருக்கும் செம்புக் கம்பி அவருக்குக் காசு. ஒரு வாரத்தில் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி வாங்குங்கள், சொன்ன நாளில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். நான் ஒரு தடவை பத்து நாள் தாமதம் செய்தேன். அடுத்த வருடம் முழுக்க அவர் எனக்கு டீ மட்டும்தான் கொடுத்தார்.