அனுமதி சரி, லேபிள் தவறு: எஸ்இலினக்ஸை நிறுத்துவதற்கு முன்

கோப்பின் உரிமையாளர் சரியாக இருக்கிறார், படிக்கும் அனுமதியும் இருக்கிறது, சர்வீஸும் ஓடுகிறது. ஆனாலும் வலைத்தளத்தைத் திறந்தால் 403 என்ற, அனுமதி மறுக்கும் பிழைதான் வருகிறது. சிங்கப்பூரில் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் நம்மவர்களில் பலர் ஞாயிறு பின்னிரவுப் பராமரிப்பு நேரத்தில் இந்த நிலையைச் சந்தித்திருப்பார்கள். அந்த நேரத்தில் கை தானாகச் செய்யும் காரியங்கள் இரண்டு: எல்லாக் கோப்புகளுக்கும், யாரும் படிக்கவும் எழுதவும் இயக்கவும் இடம் தரும் 777 அனுமதியைக் கொடுப்பது, அதுவும் பலிக்கவில்லை என்றால் செட்என்ஃபோர்ஸ் 0 என்று தட்டி, லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸின் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடுவது. இரண்டாவது வழியில் தளம் திறந்துவிடும் என்பதால், வேலை முடிந்தது என்று எண்ணி வீட்டுக்குப் போய்விடுகிறோம். உண்மையில் பெரும்பாலான சமயங்களில் தேவைப்பட்டது, கோப்புகளின் பாதுகாப்பு லேபிளை அதன் இயல்பு நிலைக்குக் கொண்டுவரும் ரெஸ்டோர்கான் என்ற ஒற்றைக் கட்டளைதான்.

அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000ஆம் ஆண்டின் இறுதியில் திறமூலமாக வெளியிட்ட எஸ்இலினக்ஸ், 2003இல் லினக்ஸ் கர்னலின் 2.6 பதிப்பில் சேர்ந்தது. 2005இல் வெளிவந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 4 முதல் அந்நிறுவனத்தின் சர்வர்களில் அது உடன் வருகிறது. இதன் கீழ் ஒவ்வொரு கோப்புக்கும் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புராசஸுக்கும் பயனர், ரோல், டைப், லெவல் என்ற நான்கு பகுதிகள் கொண்ட லேபிள் உண்டு. அன்றாட வேலையில் நாம் பார்க்க வேண்டியது பெரும்பாலும் டைப் என்ற மூன்றாவது பகுதியைத்தான். அப்பாச்சி என்ற வலைச் சர்வர் ‘எச்டிடிபிடி_டி’ என்ற டைப்பில் ஓடுகிறது. ‘எச்டிடிபிடி_சிஸ்_கண்டென்ட்_டி’ என்று லேபிள் இடப்பட்ட கோப்புகளை அது படிக்கலாம், ஒரு பயனரின் ஹோம் ஃபோல்டருக்குரிய ‘யூசர்_ஹோம்_டி’ லேபிள் உள்ளவற்றை வழக்கமான அமைப்பில் படிக்க முடியாது. சாதாரண அனுமதிச் சோதனை முடிந்த பிறகே இந்தச் சோதனை நடப்பதால், 777 கொடுத்தும் பயனில்லாமல் போகிறது. பயன் இல்லாததோடு, அந்த 777 திருத்தப்படாமலே ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடப்பதையும் பார்க்கிறோம்.

லேபிள், கோப்பின் பாதையில் அல்லாமல் கோப்போடு ஒட்டிய கூடுதல் பண்புகளில் சேமிக்கப்படுகிறது. ஷென்டன் வேயில் உள்ள அலுவலகக் கட்டடங்களில் வருகையாளருக்குத் தரும் நுழைவு அட்டையைப் போல என்று சொல்லலாம்: ஏழாம் மாடிக்கான அட்டையோடு ஒருவர் பன்னிரண்டாம் மாடிக்கு ஏறினாலும் அவருடைய அட்டை மாறுவதில்லை. எம்வி கட்டளையால் நகர்த்தப்படும் கோப்பு பழைய லேபிளோடுதான் புதிய இடத்துக்குப் போகிறது. சிபி கட்டளையால் நகலெடுத்தால் புதிய கோப்பு உருவாகிறது என்பதால், சேரும் ஃபோல்டருக்கு ஏற்ற லேபிளைப் பொதுவாகப் பெறுகிறது. டார் கொண்டு பேக்கப் எடுக்கும்போது எஸ்இலினக்ஸ் பண்புகளைச் சேர்க்கும்படி சொல்லாவிட்டாலும், கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்சிங்கை ஓட்டும்போது பெரிய எழுத்து ‘எக்ஸ்’ விருப்பத்தை விட்டுவிட்டாலும், பழைய லேபிள்கள் மறுபக்கம் போய்ச் சேருவதில்லை.

ஊபி வட்டாரத்தில் உள்ள ஒரு சிறு நிறுவனத்தின் சர்வரில் நான் பார்த்த ஒன்றை இங்கே சொல்வது பொருந்தும். தளத்தின் புதிய பதிப்பைத் தம் ஹோம் ஃபோல்டரில் விரித்து, எம்வி மூலம் அப்பாச்சியின் ஃபோல்டருக்கு நகர்த்தியிருந்த இளம் பொறியாளர், “அண்ணே, செட்என்ஃபோர்ஸ் சைபர் போட்டா ஓடுது, அப்படியே விட்டுடலாமா?” என்று கேட்டார். எல்எஸ் கட்டளையைப் பெரிய இசட் விருப்பத்தோடு ஓட்டியதும் புதிய பக்கங்கள் எல்லாமே ‘யூசர்_ஹோம்_டி’ என்று காட்டின. ஆனால் ரெஸ்டோர்கானை நேரடியாக ஓட்டவில்லை. எதையும் மாற்றாமல் தடுக்கும் சிறிய எழுத்து ‘என்’ விருப்பத்தையும், என்ன மாறும் என்று காட்டும் சிறிய எழுத்து ‘வி’ விருப்பத்தையும் சேர்த்து முதலில் ஓட்டச் சொன்னேன். எதிர்பார்த்த வரிகளுக்கு நடுவே எதிர்பாராத வரி ஒன்றும் வந்தது: வாடிக்கையாளர்கள் ஆவணங்களைப் பதிவேற்றும் ஃபோல்டருக்கு இருந்த, எழுதவும் இடம் தரும் ‘எச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கண்டென்ட்_டி’ லேபிள், படிக்க மட்டும் அனுமதிக்கும் லேபிளாக மாறப்போகிறது என்றது அது. முன்பு யாரோ, லேபிளை நேரடியாக மாற்றும் சிஎச்கான் கட்டளையால் அந்த லேபிளை இட்டுவிட்டு, எஸ்இலினக்ஸின் விதித்தொகுப்பான பாலிசியில் பதிவு செய்யாமல் போயிருக்கிறார்கள். யோசிக்காமல் ஓட்டியிருந்தால் தளம் திறந்திருக்கும். மறுநாள் காலை பதிவேற்றம் நின்றிருக்கும்.

ரெஸ்டோர்கானைப் பற்றி நம்மில் பலரிடம் உள்ள தவறான எண்ணம் இங்கேதான் வெளிப்படுகிறது. நேற்றைய நிலைக்கு எல்லாவற்றையும் திருப்பித் தரும் கட்டளை அன்று அது. கோப்பின் பாதையை மட்டும் பார்த்து, அந்தப் பாதைக்குப் பாலிசி எந்த லேபிளைச் சொல்கிறதோ அதை இடுகிறது. அந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது, யார் எதற்காக மாற்றினார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே, வழக்கத்துக்கு மாறான இடத்தைப் பயன்படுத்துகிறோம் என்றால் முதலில் பாலிசிக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். எஸ்இமேனேஜ் கட்டளையின் எஃப்கான்டெக்ஸ்ட் பகுதியில் பாதையையும் டைப்பையும் சேர்த்த பிறகு ரெஸ்டோர்கானை ஓட்டுவதுதான் சரியான வரிசை. எஸ்இமேனேஜ் விதியை எழுதுமே தவிர, ஏற்கெனவே உள்ள கோப்புகளைத் தொடாது. ஊபி சர்வரிலும் அந்த வரிசையில்தான் செய்தோம். புதிய வட்டில் /டேட்டா என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கித் தளத்தை முழுவதுமாக அங்கே வைப்பவர்கள், ஒவ்வொரு விதியாக எழுதாமல், “இந்தப் பாதையை அந்தப் பழைய பாதையைப் போலவே நடத்து” என்று சிறிய எழுத்து ‘இ’ விருப்பத்தால் ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஹோம் ஃபோல்டர்களைப் புதிய வட்டுக்கு மாற்றும்போது இதைச் செய்யாமல் விட்டால், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் சாவிக் கோப்பை சர்வரால் படிக்க முடியாமல், சாவியால் நுழைந்துகொண்டிருந்தவர்களிடம் திடீரென்று கடவுச்சொல் கேட்கும். நெட்வொர்க்கில் கோளாறு என்று அதற்கு அரை நாளைச் செலவிடுபவர்கள் உண்டு.

எஸ்இலினக்ஸ் மறுத்தவை பதிவாகும் ஆடிட் பதிவிலுள்ள மறுப்புகளை ஆடிட்2அலோ கருவியிடம் கொடுத்து, அது எழுதித் தரும் விதியை அப்படியே ஏற்றுவதும் இப்போது பரவலாகிவிட்டது. இதை நான் செட்என்ஃபோர்ஸ் 0 அளவுக்கே ஆபத்தானதாகக் கருதுகிறேன், ஏனெனில் இது திருத்தம்போலத் தோற்றமளிக்கிறது. தவறான லேபிளை வைத்துக்கொண்டு விதி கேட்டால், பயனர்களின் ஹோம் கோப்புகளை வலைச் சர்வர் படிக்கலாம் என்ற விதியே கிடைக்கும். ஒரு ஃபோல்டரின் சிக்கலுக்காக அந்த லேபிள் உள்ள எல்லாக் கோப்புகளையும் திறந்து வைத்தவர்கள் ஆவோம்.

நிதித் துறையில் பணிபுரிவோருக்கு இன்னொரு கவலையும் உண்டு. சிங்கப்பூர் நாணய ஆணையம் 2019 ஆகஸ்டில் வெளியிட்டு, 2020 ஆகஸ்டு 6 முதல் நடைமுறைக்கு வந்த இணையத் தூய்மை அறிவிக்கைகள், ஒவ்வொரு கணினி அமைப்புக்கும் எழுத்து வடிவிலான பாதுகாப்புத் தரநிலை வேண்டும் என்றன. 2024 மே மாதம் அவற்றுக்குப் பதிலாக வந்த அறிவிக்கைகளும் அதையே கேட்கின்றன. அந்தத் தரநிலையில் எஸ்இலினக்ஸ், விதி மீறலைத் தடுக்கும் என்ஃபோர்சிங் நிலையில் இருக்க வேண்டும் என்று உங்கள் நிறுவனம் எழுதியிருந்தால், பின்னிரவில் தட்டிய ஒரு கட்டளை தரநிலையிலிருந்து விலகல் ஆகிவிடும்.

சில நுணுக்கங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரெஸ்டோர்கான் வழக்கமாக டைப் பகுதியை மட்டுமே திருத்தும். மெய்நிகர் இயந்திரங்களின் இமேஜ் கோப்புகளுக்கு உரியவை போன்ற சில டைப்களைத் தொடாமலே விட்டுவிடும். பெரிய எழுத்து ‘எஃப்’ விருப்பம் இரண்டையும் மீறிச் செயல்படும் என்பதால், மெய்நிகராக்கம் ஓடும் சர்வர்களில் அதைப் பயன்படுத்தும் முன் நிதானம் வேண்டும். எஸ்இலினக்ஸ் முற்றிலும் அணைக்கப்பட்டிருந்த காலத்தில் உருவான கோப்புகளுக்கு லேபிளே இராது. அங்கே ஆட்டோரீலேபிள் என்ற வெற்றுக் கோப்பை, எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலான ரூட் ஃபோல்டரில், பெயருக்கு முன்னால் புள்ளியோடு உருவாக்கி, சர்வரை மறுதொடக்கம் செய்து, எல்லாவற்றுக்கும் லேபிள் இட விட வேண்டும். கோப்புகள் பல இலட்சம் என்றால் இது நீண்ட நேரம் எடுக்கும், ஆகவே பராமரிப்பு நேரத்தைக் கேட்கும்போதே அதையும் கணக்கில் சேர்த்துக் கேளுங்கள். நிர்வாகிக் கணக்கான ரூட்டின் கடவுச்சொல்லை மறந்து, துவக்கத்தை நடுவில் நிறுத்தும் ஆர்டி.பிரேக் வழியாகப் புதிதாக அமைப்பவர்களும் அந்த வெற்றுக் கோப்பை உருவாக்காமல் வெளியேறக் கூடாது. பாலிசி ஏற்றப்படாத நிலையில் திருத்தி எழுதப்படும், கடவுச்சொற்களை வைத்திருக்கும் ஷேடோ கோப்பு உரிய லேபிள் இல்லாமல் நின்று, புதிய கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாது.