கரோக்கே: காலியாக இருப்பது எது?

கணினியில் பாடிப் பதிவு செய்யத் தொடங்கிய நாளிலிருந்து நான் அதிகமாகப் புழங்கும் சொல் 'கரோக்கே'. 'இந்தப் பாட்டுக்குக் கரோக்கே இருக்கா?' என்று கேட்கிறோம். 'நேற்று கரோக்கே பாடினேன்' என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியத்தில் அது ஒரு பொருள், ஓர் ஒலிக்கோப்பு. இரண்டாவதில் அது ஒரு செயல். இரண்டு வேலைகளை ஒரே சொல் சுமப்பதால்தான் இதற்குத் தமிழில் ஒரு சொல்லைத் தேடும்போது கைக்கு அகப்படாமல் நழுவுகிறது. முதலில் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

கரோக்கே ஜப்பானிய மொழியிலிருந்து வந்தது. அவர்கள் வாயில் அது க-ர-ஒ-கெ என்று நான்கு சம அளவுத் துண்டுகளாக ஒலிக்கும். 'கர' என்றால் காலி, வெறுமை. கராத்தேயில் இருப்பதும் இதே 'கர'தான். அங்கே 'தெ' என்றால் கை. ஆயுதம் இல்லாத வெறுங்கை. நம் 'கரம்' இதில் எங்கும் இல்லை, ஒலி ஒத்துப்போவது தற்செயல். 'ஒகெ' என்பது 'ஓகெசுதொர' என்பதன் தலைப்பகுதி, அதாவது ஆர்க்கெஸ்ட்ரா. நீளமான வெளிநாட்டுச் சொற்களை நறுக்கிச் சின்னதாக்கிக்கொள்வது ஜப்பானிய மொழியின் வழக்கம். டெலிவிஷன் அங்கே 'தெரெபி', பர்சனல் கம்ப்யூட்டர் 'பசொகொன்'.

ஆர்க்கெஸ்ட்ராவின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. பழைய கிரேக்க அரங்கில் பாடற்குழுவினர் ஆடிய இடத்துக்கு அந்தப் பெயர். ஆடுதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. பிற்காலத்தில் ஐரோப்பிய அரங்குகளில் மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் இடத்தைக் குறித்தது, அப்புறம் அங்கே உட்கார்ந்திருந்த குழுவையே குறித்தது. ஆக, பாதி ஜப்பானியம், பாதி கிரேக்கம். நேர்ப்பொருள்: 'வாத்தியக்குழு காலி'.

இதை முதன்முதலில் தெரிந்துகொண்டபோது எனக்குக் குழப்பம்தான் வந்தது. கரோக்கே என்று நாம் இறக்கி வைத்திருக்கும் கோப்பைத் திறந்தால் வயலின், தபேலா, கிட்டார் என எல்லாம் இருக்கின்றன. இல்லாதது குரல் மட்டுமே. பிறகு ஏன் வாத்தியக்குழு காலி என்கிறார்கள்? சொல் பிறந்த இடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. பொழுதுபோக்கு இயந்திரம் வருவதற்கு முன்பே இது ஜப்பானில் இசை, ஒலிபரப்புத் துறையினரின் தொழிற்பேச்சில் இருந்தது. பாடகர் நேரில் பாடுவார், வாத்தியக்குழுவுக்குப் பதிலாக ஒலிநாடா ஓடும். குழுவின் இருக்கைகள் காலி. அவர்கள் அரங்கைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாம் கோப்பைப் பார்த்துப் பொருள் தேடுகிறோம்.

அந்தத் தொழிற்சொல் எப்படி உலகச் சொல்லாயிற்று? 1967இல் தோக்கியோவில் ஷிகேயிச்சி நெகிஷி என்பவர் இசையோடு சேர்ந்து பாடும் பெட்டி ஒன்றைச் செய்தார். அதற்குக் கரோக்கே என்ற பெயரை வைக்க அவருக்கு விருப்பம். ஆனால் விற்பனையாளர் தடுத்துவிட்டாராம். ஜப்பானிய மொழியில் சவப்பெட்டிக்கு 'கன்ஒகெ' என்று பெயர், காதில் அதைப் போல விழுகிறது என்பது காரணம். பெட்டி 'ஸ்பார்க்கோ பாக்ஸ்' என்று வெளிவந்தது. 1971இல் கோபே நகரத்தில், மது விடுதிகளில் வாடிக்கையாளர் பாட்டுக்கு வாசித்துவந்த தைசுக்கே இனோவே தன் கருவியைச் செய்தார். அவருடைய வாசிப்பில் பாடிப் பழகிய ஒருவர் வெளியூர்ப் பயணத்துக்குக் கூப்பிட, போக முடியாத இனோவே தன் வாசிப்பை நாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார் என்பதுதான் அந்தக் கருவிக்குப் பின்னால் உள்ள கதை. பெயர் '8 ஜூக்'. நாடா ஓட்டும் பகுதி, ஒலிபெருக்கி, மைக், காசு போடும் பெட்டி, அவ்வளவுதான். அவர் காப்புரிமை வாங்கவில்லை. 1975இல் பிலிப்பைன்ஸில் ராபர்ட்டோ டெல் ரொசாரியோ 'சிங் அலாங் சிஸ்டம்' என்று ஒன்றை உருவாக்கிப் பின்னர் காப்புரிமையும் பெற்றார். யார் முதல் என்ற வழக்கைவிட, மூவரும் ஒரே பொருளுக்கு மூன்று பெயர் வைத்ததே இங்கே நமக்கு வேண்டியது. கடைசியில் நின்றது பழைய தொழிற்சொல்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. கரோக்கி, கரோக்கே, கராவோக்கி எனப் பலவிதமாக எழுதுகிறோம். எது சரி? தமிழில் சொல்லின் நடுவே உயிரெழுத்து தனித்து நிற்காது. அதனால் 'ர'வும் 'ஒ'வும் சேர்ந்து 'ரொ' ஆகிவிடும். இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவே ஒற்றைக் ககரம் வந்தால் 'பகல்' என்பதில் போல மெலிந்துவிடும்; வல்லோசை நிற்க 'க்க' வேண்டும். குறில் எகரம் சொல்லின் இறுதியில் வராது. அது 'ஏ' ஆக நீளும். இப்படிப் பார்த்தால் ஜப்பானிய ஒலிக்கு மிக அருகில் வருவது 'கரொக்கே'. வழக்கில் 'ரொ' நீண்டு 'கரோக்கே' ஆகிவிட்டது, அதில் தவறில்லை. 'கி' என்று முடிப்பது ஆங்கிலக்காரர்களின் 'கேரியோக்கி' வழியாக வந்தது. மூல ஒலியை அவர்களைவிட நெருக்கமாகச் சொல்லக்கூடிய மொழி நம்முடையது; குறில் ஒகரம், எகரம் இரண்டும் நம்மிடம் இருக்கின்றன. அதனால் 'கரோக்கே' என்றே எழுதலாம் என்பது என் கருத்து.

சரி, தமிழில் என்ன சொல்வது?

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வெறுமை + இசை = 'வெற்றிசை'. வெற்றிடம் என்பதைப் போல இலக்கணப்படி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் படிக்கும் கண் 'வெற்றி' என்றே எடுத்துக்கொள்ளும். சொன்ன பிறகு விளக்க வேண்டிய சொல் நிலைக்காது. 'பின்னணி இசை' எல்லோருக்கும் புரியும், ஆனால் அது திரைக்காட்சியின் பின்னால் ஓடும் இசைக்கு உரிய பெயராகிவிட்டது. போதாததற்குப் 'பின்னணி பாடுவது' என்றால் நடிகருக்காகக் குரல் கொடுப்பது. ஒரே வேரில் மூன்றாவது பொருளையும் ஏற்றக் கூடாது. 'பக்கவாத்தியம்' அழகான சொல், ஆனால் அதைக் கரோக்கேக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கவாத்தியக்காரர் பாடுபவரின் மூச்சைக் கேட்டு வாசிப்பார். பாடகர் ஓரிடத்தில் நின்று நிரவினால் அவரும் நிற்பார். ஒலிக்கோப்பு யாருக்காகவும் காத்திருக்காது. நாம் ஒரு சொல்லை மறந்து விழித்தாலும் அது சரணத்துக்குப் போய்விடும். வாத்தியக்காரரின் அந்தக் கவனத்துக்கு உரிய பெயர் அவரிடமே இருக்கட்டும்.

மேடைப் பாடகர்கள் நடுவே 'மைனஸ் ஒன்' என்றொரு சொல் புழங்குகிறது. 1950இல் அமெரிக்காவில் தொடங்கிய 'மியூசிக் மைனஸ் ஒன்' என்ற நிறுவனம், ஒரு கருவியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வாசித்த இசைத்தட்டுகளை வெளியிட்டது; விட்ட பகுதியை வாங்கியவர் வாசித்துப் பழகலாம். எது காலி என்பதைக் கரோக்கேயைவிட இது சரியாகச் சொல்கிறது: மொத்தத்தில் ஒன்று குறைவு, அந்த ஒன்று நீங்கள்.

நான் பயன்படுத்துவது 'துணையிசை'. வாத்தியங்களை மட்டும் கொண்ட கோப்புக்கு அது போதும். செயலுக்குத் 'துணையிசையோடு பாடுதல்' என்று விரித்துச் சொல்லலாம். நண்பர்கள் கூடிப் பாடும் பொழுதுபோக்குக்குக் கரோக்கே என்ற பெயரே இருக்கட்டும், அது ஒரு பண்பாட்டின் பெயர். பொருளுக்குத் தமிழ், விளையாட்டுக்கு அதன் பிறந்த வீட்டுப் பெயர் என்று பிரித்துக்கொண்டால் தொடக்கத்தில் சொன்ன தடுமாற்றம் தீர்ந்துவிடுகிறது.

ஆனால் துணையிசை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. வாத்தியங்களை மட்டும் தனியாகப் பதிந்தது ஒரு வகை. முழுப் பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வது இன்னொரு வகை. இதை நான் 'குரல்நீக்கிய இசை' என்கிறேன். பழைய முறையில் இது நேரடியான கழித்தல். பெரும்பாலான பதிவுகளில் பாடகரின் குரல் இடது, வலது இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் இருக்கும், அதனால்தான் அது நடுவில் இருந்து வருவதுபோல் கேட்கிறது. ஒரு பக்கத்தின் அலையைத் தலைகீழாக்கி மறுபக்கத்தோடு கூட்டினால் இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் போய்விடும். கூடவே நடுவில் வைக்கப்பட்ட பேஸ் கிட்டாரும் பெரிய முரசும் போய்விடும். குரலின் எதிர்முழக்கம் இரு பக்கமும் பரவியிருப்பதால் அது மட்டும் நிழல்போல எஞ்சும். 2019இல் இணையத்தில் பாட்டுக் கேட்கும் சேவை நடத்தும் டீசர் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ப்ளீட்டர்' போன்ற கருவிகள் வேறு வழியில், ஏராளமான பாடல்களிலிருந்து குரலின் சாயலைக் கற்றுக்கொண்டு பிரிக்கின்றன. விளைவு எவ்வளவோ மேல். ஆனாலும் அது நீக்கியதுதான். தனியே பதிந்ததற்கு ஈடாகாது.

வீட்டில் பதிவு செய்பவர்களுக்குக் கரோக்கேயோடு ஒட்டிக்கொண்டு இன்னும் சில சொற்கள் வரும். 'டிராக்' என்பதற்குத் 'தடம்' என்ற சொல்லைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆங்கிலச் சொல்லும் கால் பதிந்த சுவட்டையும் பாதையையும் குறிப்பதே, நம் தடமும் அதுவே. காந்த நாடாவில் ஒலிகள் பக்கத்துப் பக்கத்தில் கோடு கோடாகப் பதிந்ததால் வந்த பெயர். இப்போது திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அலைகள் கிடக்கின்றன, மேலே துணையிசைத் தடம், கீழே குரல் தடம்.

இந்த வேலைக்கு நான் பயன்படுத்தும் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டேனன்பெர்க் இருவரும் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. பெயரின் பொருள் துணிச்சல். தன் குரல் எப்படிக் கேட்குமோ என்ற தயக்கத்தோடு மைக் முன்னால் உட்காருகிறவருக்கு அது நல்ல பெயர். அதை 'இலவச மென்பொருள்' என்று சொல்வது பாதிதான் சரி. ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலைக்கும் ஒரே சொல் இருப்பதால் அவர்கள் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்ற' வேறு. ஆடாசிட்டியின் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அது கட்டற்ற மென்பொருள்.

நான் முதலில் பதிந்த பாட்டைக் கேட்டபோது குரல் தடத்திலேயே வாத்தியங்களும் மெல்லக் கேட்டன. ஸ்பீக்கரில் இசையை ஓடவிட்டுப் பாடியிருந்தேன், மைக் அதையும் வாங்கிக்கொண்டது. இதற்குக் 'கசிவு' என்பது நல்ல சொல். ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி பாடினேன். கசிவு நின்றது, ஆனால் குரல் தாளத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தது. என் தாள ஞானம்தான் இப்படி என்று இரண்டு நாள் வருந்தினேன். காரணம் வேறு. மைக்கில் விழுந்த ஒலி எண்களாக மாறி, கணினியில் சிறிது காத்திருந்து, பிறகே தடத்தில் ஏறுகிறது. ஹெட்போனுக்குப் போகும் இசையும் அப்படியே காத்திருக்கிறது. இரண்டு காத்திருப்பும் சேர்ந்து குரலைத் தள்ளிவைக்கின்றன. இதற்குத் தமிழில் 'சுணக்கம்' என்று சொல்லலாம். தாமதம் என்றால் யாரோ பிந்தி வந்ததுபோல் இருக்கிறது. சுணக்கம் என்றால் வழியில் தேங்கியதால் ஆன காலக்கழிவு, நடப்பதும் அதுதான்.

ஆடாசிட்டி இதற்கு ஈடாகக் குரல் தடத்தை முன்னுக்கு இழுத்துக்கொடுக்கும். அமைப்பில் முன்கூட்டியே இருப்பது −130 மில்லிநொடி. எல்லாக் கணினிக்கும் அது பொருந்தாது. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கு 500 மில்லிநொடி என்றால், 130 என்பது கால் அடிக்கும் மேல். அதனால் அளந்து பார்ப்பதே நல்லது. ஒரு தாளத் தடத்தை உருவாக்கி, ஹெட்போனை மைக்கோடு ஒட்டவைத்து, அதை ஓடவிட்டபடியே புதிய தடத்தில் பதியுங்கள். இரண்டு தடத்திலும் தட்டு விழும் இடங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பெரிதாக்கிப் பார்த்து, அந்த அளவுக்கு எண்ணைத் திருத்துங்கள். இரண்டும் நேர்கோட்டில் வரும்வரை ஓரிரு முறை செய்தால் போதும்.

என் கணினியில் இப்போது ஒவ்வொரு பாட்டிலும் மேல் தடத்தின் பெயர் 'துணையிசை'. கீழே 'குரல் 1', 'குரல் 2' என்று போகிறது. போன வாரம் பாடியது 'குரல் 9' வரை வந்தது, பல்லவியை எட்டாவதிலிருந்தும் சரணத்தை ஒன்பதாவதிலிருந்தும் எடுத்துக்கொண்டேன்.