கியாஸ்க்: சொல் விளக்கம், கூட கொஞ்சம் செய்முறை

காரைக்குடிப் பக்கம் கல்யாண மண்டபம், லாட்ஜ், ஜவுளிக்கடைன்னு எங்க போனாலும் முகப்புல ஒரு டிவி மாட்டி முகூர்த்தம் எத்தன மணி, பந்தி எங்கன்னு ஓடவிட்டிருக்காங்க. மவுசு கிடையாது, கீபோர்டு கிடையாது, பக்கத்துல ஆளும் கிடையாது. கம்ப்யூட்டர் ஆளுங்க இதத்தான் கியாஸ்க் மோடும்பாங்க.

சொல்லு பிறந்தது பாரசீகத்துல. கூஷ்க்னா அங்க மாளிகை. துருக்கிக்குப் போயி கோஷ்க் ஆச்சு, தோட்டத்துல காத்தாட உக்கார கட்டுற மண்டபம். இஸ்தான்புல்ல 1472ல கட்டின சினிலி கோஷ்க் இன்னும் நிக்குது. பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்ததும் சுருங்கி பேப்பர் விக்கிற பெட்டிக்கடையாயிருச்சு, அப்புறம் டெலிபோன் கூண்டு (பிரிட்டன் சிவப்புக் கூண்ட கே2, கே6ம்பாங்கள்ல, அந்த கே இதுதான்), அப்புறம் டச் மிஷின், கடைசில ஒரே பக்கத்தக் காட்டி வேற எதுவும் செய்யவிடாத பிரவுசர். பழைய அர்த்தத்துல பாத்தா நம்ம ஆயிரம் ஜன்னல் வீடுதான் கியாஸ்க்!

கூடவே வர்ற இன்னொரு சொல்லு தின் கிளையண்ட். இத 'மெல்லிய வாடிக்கையாளர்'னு எழுதுனா ஒல்லியா ஒருத்தர் கல்லாகிட்ட நிக்கிறாப்ல இருக்கு. சர்வர வழங்கிங்கிறோம், அதுக்கு ஜோடி வாங்கி, அப்ப இது மெலிவாங்கி. அந்த டிவிக்குப் பின்னால வைக்கிற, ஹார்டு டிஸ்க் இல்லாத சின்ன கம்ப்யூட்டர் பெட்டிதான், ஆன் பண்ணதும் பிஎக்ஸ்இ (நெட்வொர்க்லேர்ந்தே பூட் ஆகுற முறை) வழியா நெட்வொர்க் அட்ரஸ் கேக்கும், அட்ரஸ் பிரிச்சுக் குடுக்குற டிஹெச்சிபி அட்ரஸோட எந்த ஃபைல எடுக்கணும்னும் சொல்லும், கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) வந்து எறங்கும், மிச்சமெல்லாம் வழங்கிலேர்ந்து வரும். லினக்ஸ்ல இதுக்குன்னே எல்டிஎஸ்பிங்கிற சாஃப்ட்வேர் இருக்கு, மேக் அட்ரஸ (நெட்வொர்க் கார்டுல உள்ள அடையாள நம்பர) வச்சு அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் ஆட்டோலாகின் (பாஸ்வேர்டு கேக்காம தானா உள்ள போறது) குடுத்து பிரவுசர கியாஸ்க் மோடுல திறக்கவிடலாம். கறாராப் பாத்தா புரோகிராம் வழங்கில ஓடி படம் மட்டும் வந்தாத்தான் அது தின், இப்ப உள்ள எல்டிஎஸ்பில பிரவுசர் பெட்டிலயே ஓடுது, அத விடுங்க.

வேலையே 'ஆளில்லாம'ங்கிறதுலதான் இருக்கு. பத்து நிமிஷத்துல திரை கறுத்துரும், "தம்பி, டிவி அணஞ்சு போச்சேப்பா"ன்னு ஆச்சி கூப்புடுவாங்க. டிவி மேல தப்பில்ல, ஸ்க்ரீன்சேவரும் திரைக்கு கரண்ட மிச்சப்படுத்துற டிபிஎம்எஸ்ஸும் பண்ற வேல, லினக்ஸ்ல எக்ஸ்செட் கமாண்டுல ரெண்டையும் நிப்பாட்டணும். கரண்டு போயி வந்தா பெட்டி தானா ஆன் ஆகணும், அது பயாஸ்ல (பெட்டி ஆன் ஆனதும் முதல்ல ஓடுற அடிப்படை செட்டிங்ல) வைக்கிறது. ஆனா வழங்கி எந்திரிக்க லேட்டாச்சுன்னா பெட்டி கேட்டுக் கேட்டுப் பாத்துட்டு பூட் டிவைஸ் இல்லன்னு நின்னுக்கும், அதனால யூபிஎஸ் ஒண்ணுதான் வாங்க முடியும்னா வழங்கிக்கு வாங்குங்க. டிஸ்க்குல இன்ஸ்டால் பண்ணின பெட்டின்னா இன்னொரு தொல்லை, கரண்டு போயி வந்து குரோமியம் பிரவுசர் திரும்பத் திறந்ததும் "சரியா மூடல, பழைய பக்கத்த திறக்கவா"ன்னு கேட்டு நிக்கும், யாரு வந்து அமுக்குறது? பழச ஞாபகம் வச்சுக்காத இன்காக்னிட்டோ மோடுல திறந்துட்டா கேக்காது.

இத்தனை பொருளுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லு தேடுறது வெட்டி வேல. கடைன்னா பெட்டிக்கடை, அது எப்பவோ நம்மகிட்ட இருக்கு. மண்டபத்து டிவிக்கு 'பூட்டுத்திரை' சரிவராது, போன் லாக் ஸ்கிரீனோட குழம்பும், என் ஓட்டு 'ஆளில்லாத் திரை'க்கு. டச் மிஷின தொடுதிரைப் பெட்டின்னா பஸ் ஸ்டாண்டுல சொன்னாக்கூடப் புரியும்.