மலை என்றாலே உறுதியா?

பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள்களில் வருஷா வருஷம் தவறாமல் ஒரு வரி வரும்: ‘மலை உறுதியின் குறியீடு.’ பாட்டு எதுவானாலும் சரி, அந்த வரி மாறாது. அருவி வந்தால் வாழ்க்கையின் ஓட்டம், மேகம் வந்தால் துயரம். பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. கைடில் அப்படித்தான் அட்டவணை போட்டுக் கொடுக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதே அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன்தான்.

அந்தப் பழக்கத்தை விடவைத்தது மலைபடுகடாம். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடி, பெருங்கௌசிகனார் பாடியது. நன்னன் என்ற மன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் வறிய கூத்தர்களுக்கு அந்த மன்னனுடைய மலைநாட்டுக்குப் போகும் வழியைச் சொல்கிறான். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான்.

பெயரையே பாருங்கள். கடாம் என்றால் யானையின் மதநீர். மலையை யானையாக உவமித்து, அதில் பிறக்கும் ஓசையைக் கடாம் என்று சிறப்பித்ததால் இந்தப் பெயர் வந்தது என்கிறார் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர். மதம் பிடித்த யானை உறுதிக்கு அடையாளமா? அதன் பக்கத்தில் போகவே பயமாக இருக்கும். இந்த மலையும் அப்படித்தான். வழுக்கும் பாறை, பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு, யானையை விரட்ட எறியும் கவண்கல் என்று வழிநெடுகக் கூத்தன் எச்சரித்துக்கொண்டே வருகிறான்.

அப்புறம் அந்த ஓசைகள். இந்தப் பகுதிக்கு வந்ததும் வகுப்பில் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு நானே வாசிப்பேன். அருவியில் வானமகளிர் குடைந்தாடும் ஒலி. கூட்டத்தைப் பிரிந்த களிற்றை வளைத்துக் கானவர் போடும் கூச்சல். முள்ளம்பன்றியின் முள் பட்ட கானவரின் அழுகை. புலி பாய்ந்து மார்பில் புண்பட்ட கணவன் ஆறவேண்டும் என்று குறத்தியர் காப்பாகப் பாடும் பாட்டு. பிடி நழுவிப் பிளவில் விழுந்த குட்டிக்காகக் கூட்டத்தோடு கதறும் மந்தி. வேங்கை மரம் முதல்நாள் பூத்ததும் மலைப்பெண்கள் எழுப்பும் ஆரவாரம்; ‘புலி புலி’ என்று கூவுவார்களாம். வேங்கை மரத்துக்கும் புலிக்கும் ஒரே பெயர் என்பதால் வந்த விளையாட்டு இது. வேங்கைப்பூ உதிர்ந்து கிடக்கும் கரும்பாறையைப் புலிக்குட்டியாகவே பார்த்தது குறுந்தொகை. அட்டவணையில் வேங்கைக்கு எதை எழுதுவீர்கள், பூவையா புலியையா?

மலையை ஏன் இப்படிக் காதால் பாடவேண்டும்? பல வருஷம் நான் இதைக் கேட்டுக்கொண்டதே இல்லை. சொல்பவனும் கேட்பவர்களும் வாத்தியக்காரர்கள். முழவும் ஆகுளியும் தூம்பும் குழலும் பையில் கட்டிச் சுமந்து நடப்பவர்கள். அவர்களுக்கு மலை முதலில் சத்தமாகத்தான் வந்து சேரும். அருவியில் எழும் ஒலியைச் சொல்லும்போது ‘நும் இயம் போல்’, அதாவது உங்கள் வாத்தியங்களைப் போல, என்றே கூத்தன் சொல்கிறான். பாட்டின் தொடக்கத்தில் இதுவே தலைகீழாக வருகிறது. அங்கே வாத்திய முழக்கத்துக்கு மழைவானத்தின் இடி உவமை. உவமை இரண்டு பக்கமும் ஓடும்போது, இது அதற்குக் குறியீடு என்று ஒருவழிப் பாதை போட்டால் பாதிப் பாட்டு கைநழுவிப் போகிறது.

அதனால் இப்போது வகுப்பில் குறியீடு என்ற சொல்லையே கடைசிவரை எடுப்பதில்லை. யார் பேசுகிறார், யாரிடம், எங்கே நின்றுகொண்டு, அவர் காதில் என்ன விழுகிறது என்று மட்டும் கேட்கிறேன். மதிப்பெண்ணுக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. கொஞ்சம் மெதுவாகத்தான் உதவும்.

பாட்டின் கடைசி அடிகளில் மலையிலிருந்து விழும் நீர், வென்று உயர்த்திய கொடிபோலத் தோன்றுகிறது. மன்னனைப் புகழும் இடம். அருவி அரசனின் வெற்றிக்குக் குறியீடு என்று எழுதிவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். போன வருஷம் ஒரு பையன் எழுந்து கேட்டான்: “சார், அந்தக் குரங்குக்குட்டி விழுந்ததும் இதே மலையில்தானே?”